வி-1 கடந்துவிட்டால் ஏன் நிறுத்துவதில்லை?

அகமதாபாத் விபத்தின் முதற்கட்ட அறிக்கையைப் படித்த ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "வி-1 153 நாட், வி-ஆர் 155, வி-2 162 என்று மூன்று எண்கள் போட்டிருக்கிறார்கள். இவை என்ன? வி-1 தாண்டிவிட்டால் விமானத்தை நிறுத்தவே கூடாது என்கிறார்களே, ஏன்? அவ்வளவு நீளமான ஓடுபாதை இருந்தும் நின்றிருக்க முடியாதா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பலர் மனதில் உறுத்திக்கொண்டிருப்பது அதுதான். 2025 ஜூன் 12 அன்று ஏர் இந்தியாவின் அந்த போயிங் 787-8 விமானம் 2,13,401 கிலோ எடையோடு ஓடத் தொடங்கியது. அறிக்கையில் உள்ள நேரக் கணக்குப்படி, பிற்பகல் 1 மணி 38 நிமிடம் 33-வது நொடியில் வேகம் 153 நாட்டைத் தொட்டது, அதாவது வி-1 (நிறுத்துவதற்கான கடைசி வேகம், விளக்கம் கீழே வருகிறது). 35-வது நொடியில் 155. 39-வது நொடியில் விமானம் தரையை விட்டது. 42-வது நொடி வாக்கில் வேகம் 180 நாட். அதற்குப் பிறகுதான் இரண்டு என்ஜின்களின் எரிபொருள் சுவிட்சுகளும் ஒரு நொடி இடைவெளியில் 'கட்-ஆஃப்' நிலைக்குப் போயின. எரிபொருள் நின்றபோது விமானம் காற்றில் இருந்தது. நிற்பதா போவதா என்று கேட்கும் இடம் பின்னால் போய்விட்டிருந்தது. அதனால் அந்த விபத்தில் "ஏன் நிறுத்தவில்லை" என்ற கேள்விக்கே இடமில்லை. 260 பேரின் உயிரைப் பறித்த விபத்து அது. அந்தக் கேள்வியை இறந்துபோன விமானிகள் மேல் சுமத்துவது சரியில்லை என்பதால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

சரி, எண்களுக்கு வருவோம்.

ஒரு நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீட்டர். 153 நாட் என்பது மணிக்குச் சுமார் 283 கிலோமீட்டர். இந்த மூன்று வேகங்களும் ஒவ்வொரு டேக்-ஆஃபுக்கும் புதிதாகக் கணக்கிடப்படுபவை. விமானத்தின் எடை, வெளி வெப்பநிலை, காற்றழுத்தம், காற்றின் திசையும் வேகமும், ஓடுபாதையின் நீளமும் சரிவும், அது ஈரமா காய்ந்திருக்கிறதா, ஃபிளாப் (தூக்குவிசையைக் கூட்ட இறக்கையிலிருந்து இறக்கும் பலகை) எவ்வளவு, என்ஜின் விசை எவ்வளவு என்று எல்லாம் உள்ளே போகும். அதே விமானம், அதே ஓடுபாதை, காலையில் ஒரு எண், மதியம் வேறு எண்.

வி-ஆர் எளிது. அந்த வேகத்தில் விமானி கட்டுப்பாட்டுத் தண்டைப் பின்னால் இழுத்து மூக்கைத் தூக்கத் தொடங்குவார். வி-2 என்பது ஒரு என்ஜின் போய்விட்டாலும் பத்திரமாக மேலேறத் தேவையான வேகம். ஓடுபாதையிலிருந்து 35 அடி உயரத்தை எட்டுவதற்குள் அது கைக்கு வந்திருக்க வேண்டும். வி-1 மட்டும்தான் குழப்பம்.

அதற்கு 'முடிவெடுக்கும் வேகம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். என் பார்வையில் இந்தப் பெயரால் வந்த கெடுதல் அதிகம். கேட்பவர்களுக்கு, வி-1 வந்ததும் விமானி யோசிக்க ஆரம்பிப்பார் என்று தோன்றும். உண்மை நேர்மாறு. நிறுத்துவதாக இருந்தால், வி-1 வருவதற்குள் முடிவு எடுத்து, அதற்கான முதல் செயலையும் செய்திருக்க வேண்டும். என்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ரஸ்ட் லீவரைப் பின்னால் இழுத்திருக்க வேண்டும், அல்லது பிரேக்கில் கால் விழுந்திருக்க வேண்டும். வி-1 என்பது யோசனை முடிந்துபோன இடம். அதற்கு மேல் ஒரே வழி, மேலே போவது.

காக்பிட்டில் இது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். பெரும்பாலான நிறுவனங்களில், விமானத்தை ஓட்டுவது கோ-பைலட்டாக இருந்தாலும் ஓடுபாதையில் த்ரஸ்ட் லீவர் மேல் இருப்பது கேப்டனின் கை. நிறுத்தும் அதிகாரம் அவருடையது. போயிங் விமானங்களில் 80 நாட்டில், ஏர்பஸ்ஸில் 100 நாட்டில் ஒரு குரல் கொடுப்பார்கள். இரண்டு பக்கத்து வேகமானிகளும் ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்று பார்த்துக்கொள்ள அது ஒரு வாய்ப்பு. அப்புறம், மனநிலை மாறும் கோடும் அதுதான். அதற்குக் கீழே ஏதாவது ஒரு எச்சரிக்கை விளக்கு எரிந்தால்கூட நிறுத்திவிடலாம், பெரிய நஷ்டமில்லை. அதற்கு மேலே போய்விட்டால் என்ஜின் செயலிழப்பு, தீ, 'விமானம் பறக்காது' என்று எண்ண வைக்கும் கோளாறு போன்ற சில காரணங்களுக்கு மட்டுமே நிறுத்துவார்கள். பிறகு "வீ ஒன்" என்ற குரல். அந்தக் கணத்தில் கேப்டன் தன் கையை லீவரிலிருந்து எடுத்துவிடுவார்.

அந்தக் கையை எடுக்கும் சைகை சின்னது. ஆனால் இந்த விஷயம் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. நான் பல வருடம் சிமுலேட்டரில் விமானிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து பயிற்சி கொடுத்தவன். அங்கே 'வி-1 கட்' என்று ஒரு பயிற்சி உண்டு. "வீ ஒன்" என்ற குரல் வந்த அடுத்த நொடி, பயிற்சியாளர் ஒரு என்ஜினை அணைத்துவிடுவார். இடது என்ஜின் போனால் மூக்கு இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். வலது கால் ரட்டர் (மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் பலகை) பெடலை உடனே அழுத்த வேண்டும், ஆனால் அளவாக. நடுக்கோட்டு விளக்குகள் முன்சக்கரத்துக்கு அடியில் தட்தட்டென்று அடித்துக்கொண்டிருந்தது சட்டென்று ஓய்ந்துபோனால், கோட்டை விட்டு விலகிவிட்டோம் என்று பின்னால் இருக்கும் எனக்கே தெரிந்துவிடும். புதிதாக வருபவர்களிடம் நான் கவனித்தது இதுதான்: ஏதோ சத்தம் கேட்டதும் கை தானாக லீவரைத் தேடும். மூளை அதற்கு அப்புறம்தான் வரும். கை ஏற்கெனவே அங்கே இருந்தால் இழுத்தே விடும். அதனால்தான் கையை எடுக்கச் சொல்கிறார்கள். மேலே ஏறிய பிறகும் அவசரமில்லை. வழக்கமாக 400 அடி வரை விமானத்தை நேராக ஓட்டுவது மட்டும்தான் வேலை. எந்த என்ஜின், என்ன கோளாறு, எந்த சுவிட்ச் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

இனி வி-1 எப்படிக் கிடைக்கிறது என்று பார்ப்போம். இரண்டு தூரங்களைக் கணக்கிடுகிறார்கள். ஒன்று, வி-1 வரை ஓடி, அங்கிருந்து பிரேக் போட்டு முழுமையாக நிற்க ஆகும் தூரம். மற்றொன்று, வி-1க்குச் சற்று முன்னால் ஒரு என்ஜின் போய், மீதி என்ஜினோடு தொடர்ந்து ஓடி 35 அடி உயரத்தை எட்ட ஆகும் தூரம். வி-1ஐக் கூட்டினால் முதல் தூரம் நீளும், இரண்டாவது குறையும். குறைத்தால் தலைகீழ். தராசின் இரண்டு தட்டும் ஒன்றாக நிற்கும் ஒரு வேகம் இருக்கும். பெரும்பாலும் அதையே வி-1 ஆக எடுத்துக்கொள்வார்கள். ஓடுபாதை அந்தத் தூரத்தைவிட நீளமாக இருந்தால், வி-1க்கு ஒரே எண் என்றில்லாமல் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

அதற்கும் எல்லைகள் உண்டு. மிகக் குறைந்த வேகத்தில் ஒரு என்ஜின் நின்றால், ரட்டரின் மேல் படும் காற்று போதாது. விமானத்தை நேராகப் பிடிக்க முடியாமல் ஓடுபாதையை விட்டுப் பக்கவாட்டில் போய்விடும். எனவே ரட்டரை மட்டும் வைத்துத் தரையில் விமானத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய குறைந்தபட்ச வேகத்துக்குக் கீழே வி-1 இறங்கக் கூடாது. மேல்பக்கம், வி-ஆரைத் தாண்டக் கூடாது. மூக்கைத் தூக்கிய பிறகு நிறுத்துவது என்பதே கிடையாது. பிரேக்குகள் தாங்கும் உச்ச வேகத்தையும் தாண்டக் கூடாது.

இந்தக் கடைசி எல்லையைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை. நீங்கள் கேட்ட 'அவ்வளவு நீள ஓடுபாதை' என்பதற்கான பதிலும் இதில்தான் இருக்கிறது. 213 டன் எடை 153 நாட்டில் ஓடும்போது அதில் உள்ள இயக்க ஆற்றலைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சுமார் 660 மெகாஜூல் வரும். 15 டன் எடையுள்ள ஒரு பேருந்து மணிக்கு 80 கிலோமீட்டரில் போனால் அதன் ஆற்றல் 3.7 மெகாஜூல். அப்படிப்பட்ட 170க்கும் மேற்பட்ட பேருந்துகளை ஒரே நேரத்தில் நிறுத்துவதற்குச் சமம் அந்த ஒரு விமானத்தை நிறுத்துவது. பெரும்பகுதி வெப்பமாகப் பிரேக் தகடுகளுக்குள் போகிறது. ஆற்றல் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும் என்பதால், கடைசியில் கூடும் பத்து நாட் தொடக்கத்தில் கூடும் பத்து நாட்டைப் போல் இல்லை.

புதிய விமானம் ஒன்றுக்குச் சான்றிதழ் தரும் முன் இதை நிஜமாகவே சோதிக்கிறார்கள். முழு எடை ஏற்றி, ஏறக்குறைய தேய்ந்துபோன பிரேக்குகளைப் பொருத்தி, வி-1 வரை ஓட்டி நிறுத்துவார்கள். விமானம் நின்றதும் சக்கரங்களுக்கு நடுவே பிரேக்குகள் செக்கச் சிவந்து கனன்றுகொண்டிருக்கும். டயர் வெடித்துவிடாமல் இருக்க, சக்கரத்தில் உள்ள சிறு அடைப்பான்கள் சூட்டில் உருகிக் காற்றை வெளியே விடும். ஒவ்வொரு டயராகச் சப்பையாகும். தீயணைப்பு வண்டிகள் பக்கத்திலேயே நிற்கும், ஆனால் ஐந்து நிமிடம் எதையும் தொடக் கூடாது. உண்மையான விபத்தில் அவர்கள் வந்து சேர அவ்வளவு நேரம் ஆகலாம் என்பது கணக்கு. இத்தனையும் வி-1இல் நிறுத்தினால். அதைத் தாண்டி நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

நேரத்தையும் பாருங்கள். 153 நாட்டில் விமானம் நொடிக்குச் சுமார் 79 மீட்டர் போகிறது. "என்ன சத்தம் அது?" என்று கேட்டுமுடிக்க இரண்டு நொடி. 150 மீட்டருக்கு மேல் ஓடுபாதை போய்விட்டது, வேகமும் கூடிவிட்டது.

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமும் விமானத் துறையும் சேர்ந்து 1990களின் தொடக்கத்தில் ஒரு பயிற்சிக் கையேடு தயாரித்தார்கள். மேற்கத்திய ஜெட் விமானங்கள் டேக்-ஆஃபை நிறுத்தப் போய் ஓடுபாதை முனையைத் தாண்டி ஓடிய 74 சம்பவங்களை, 1990 வரை, எடுத்து அலசினார்கள். பாதிக்கும் மேலானவற்றில் நிறுத்தத் தொடங்கியதே வி-1க்குப் பிறகுதான். என்ஜின் விசை இழந்தவை ஏறத்தாழ கால்பங்குதான். ஏறக்குறைய அதே அளவு டயர், சக்கரக் கோளாறுகள். அதாவது, பறந்திருக்கக்கூடிய விமானங்களை நிறுத்த முயன்று இடித்திருக்கிறார்கள்.

1982 செப்டம்பர் 13, ஸ்பெயினின் மலாகா. ஸ்பான்டாக்ஸ் நிறுவனத்தின் டிசி-10, 394 பேரோடு நியூயார்க் கிளம்பியது. முன்சக்கர டயரின் மேல்தோல் பிய்ந்து போனதால் விமானம் கடுமையாக அதிர்ந்தது. மூக்கைத் தூக்கும் நேரத்தில் அதிர்வு இன்னும் கூடியது. என்ன நடக்கிறது என்று கேப்டனுக்குப் புரியவில்லை. வி-ஆரையும் தாண்டிய பிறகு நிறுத்தினார். விமானம் ஓடுபாதையைத் தாண்டி, நெடுஞ்சாலையைக் கடந்து, எதிரே இருந்த கட்டடத்தில் மோதித் தீப்பற்றியது. 50 பேர் இறந்தார்கள். என்ஜின்கள் மூன்றும் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. அந்தக் கேப்டனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அன்றைய பயிற்சி எல்லாம் என்ஜின் செயலிழப்பைச் சுற்றியே இருந்தது. டயர் பிய்ந்தால் காக்பிட்டில் எப்படி அதிரும் என்று யாரும் அவருக்குக் காட்டியிருக்கவில்லை.

அப்படியானால் விதிவிலக்கே இல்லையா? உண்டு, ஆனால் மிக அபூர்வம். 2017 மார்ச் 8, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் யிப்ஸிலாண்டி. மிச்சிகன் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியை ஏற்றிக்கொண்டு எம்டி-83 ரக விமானம் ஒன்று, மொத்தம் 116 பேரோடு, ஓடியது. அது நிறுத்தி வைக்கப்பட்டிருந்தபோது பலத்த காற்றில் வால்பகுதியில் மூக்கை ஏற்றி இறக்க உதவும் எலிவேட்டர் பலகை ஒன்று சிக்கிக்கொண்டிருந்தது. யாருக்கும் அது தெரியாது. வி-1 கடந்தது. வி-ஆரில் கேப்டன் தண்டை இழுத்தார், மூக்கு எழவில்லை. இன்னும் இழுத்தார், அசையவே இல்லை. நிறுத்தினார். விமானம் முனையைத் தாண்டி ஓடிச் சேதமடைந்தது, எல்லோரும் உயிரோடு இறங்கினார்கள். வி-1க்கு மேல் நிறுத்தக் கூடாது என்ற விதிக்கு அடியில், 'விமானம் பறக்கும்' என்ற ஓர் அனுமானம் இருக்கிறது. அது உடைந்துபோன அபூர்வமான நாள் அது. எனக்கு இதில் மிகவும் பிடித்த விவரம் இன்னொன்று. அந்தக் கேப்டன் அந்த ரக விமானத்துக்கான பயிற்சியில் இருந்தவர். அருகில் அவரை மதிப்பிடும் மூத்த விமானி உட்கார்ந்திருந்தார். வி-1க்கு மேல் லீவர் பின்னால் வருவதைப் பார்த்து அவர் திகைத்திருப்பார், ஆனால் குறுக்கே கைநீட்டி அதைத் தடுக்கவில்லை. இரண்டு பேர் எதிரெதிர் முடிவை இழுத்திருந்தால் கதை வேறாகியிருக்கும். விசாரணை அறிக்கையும் இதைப் பாராட்டியது.

வி-ஆர், வி-2 பற்றிக் கொஞ்சம். வி-ஆருக்கு முன்னால் மூக்கைத் தூக்கினால் இறக்கைக்குப் போதுமான தூக்குவிசை கிடைக்காது, வால் தரையில் உரசும். தாமதமாகத் தூக்கினால் ஓடுபாதை வீணாகும். ஒரேயடியாக இழுக்கக் கூடாது. நொடிக்கு 2, 3 பாகை என்ற சீரான வேகத்தில் தூக்க வேண்டும். அகமதாபாத் எண்களில் வி-ஆருக்கும் தரையை விட்டதற்கும் நடுவே 4 நொடி இருப்பது இதனால்தான். வி-2இல் ஒற்றை என்ஜினோடு இரட்டை என்ஜின் விமானம், சக்கரங்களை மடக்கிய பிறகு, குறைந்தது 2.4 சதவீத ஏற்றத்தில் ஏறியாக வேண்டும். 1000 மீட்டர் முன்னே போனால் 24 மீட்டர் உயரம். எண்ணிப் பார்த்தால் குறைவாகத் தெரியும். ஆனாலும் பாதி விசையைக் கொண்டு முழு எடையும் ஏறுகிறது.

ஓடுபாதை ஈரமாக இருந்தால் பிரேக் பிடிப்பு குறையும், எனவே வி-1ஐ இறக்கிவிடுவார்கள். சீக்கிரமே முடிவெடுத்தாக வேண்டும் என்று பொருள். அதற்கு ஈடாக, ஒற்றை என்ஜினோடு தொடரும் விமானம் ஓடுபாதை முடிவில் 35 அடிக்குப் பதில் 15 அடி உயரத்தில் இருந்தால் போதும் என்று விதி தளர்கிறது.

இவ்வளவு நுணுக்கமான கணக்கும் ஒரு விரல் பிசகினால் கெட்டுப்போகும் என்பதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துவது. 2009 மார்ச் 20, மெல்போர்ன். எமிரேட்ஸின் ஏ340-500 விமானம், 275 பேர். கணக்குப் போடும் லேப்டாப்பில் எடையை 362.9 டன் என்று தட்டுவதற்குப் பதில் 262.9 என்று தட்டிவிட்டார்கள். 3 இருக்க வேண்டிய இடத்தில் 2. நூறு டன் காணாமல் போயிற்று. லேப்டாப் தன் வேலையைச் சரியாகவே செய்தது. 262.9 டன்னுக்கு உரிய குறைந்த வேகங்களையும் குறைந்த விசையையும் கொடுத்தது. நீள ஓடுபாதையில் அந்த விமானம் மந்தமாக ஓடியது. சொன்ன வேகத்தில் மூக்கைத் தூக்கினார்கள், வால் தரையில் இடித்தது, விமானம் எழவில்லை. கேப்டன் முழு விசை கொடுத்தார். ஓடுபாதை முனையைத் தாண்டிய பிறகே அது ஏறியது, வழியில் விளக்கையும் ஆன்டெனாவையும் இடித்துக்கொண்டு. யாருக்கும் காயமில்லை. 2004 அக்டோபரில் கனடாவின் ஹாலிஃபாக்ஸில் எம்.கே. ஏர்லைன்ஸின் 747 சரக்கு விமானத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. முந்தைய புறப்பாட்டின் எடையை வைத்துப் போட்ட கணக்கு. ஏழு பேரும் இறந்தார்கள்.

அதனால்தான் இரண்டு விமானிகளும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு ஒப்பிடுகிறார்கள். நான் பயிற்சியில் இன்னொன்றும் சொல்வேன்: கணக்கு வருவதற்கு முன்னாலேயே, இந்த எடைக்கு வி-ஆர் ஏறத்தாழ எவ்வளவு இருக்கும் என்று மனதில் ஒரு எண்ணைச் சொல்லிப் பாருங்கள். திரையில் வருவது அதிலிருந்து 20 நாட் தள்ளி இருந்தால், கிளம்பாதீர்கள். அந்தச் சந்தேகத்துக்கு ஐந்து நிமிடம் தாமதமானால் ஆகட்டும்.

நம் ஊர்க்காரர்களுக்கு நினைவிருக்கும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். 2018 அக்டோபர் 12 அதிகாலை, திருச்சியிலிருந்து துபாய் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 737, 136 பேரோடு, ஓடுபாதைக்கு அப்பால் இருந்த ஆன்டெனாவையும் சுற்றுச்சுவரையும் உரசிக்கொண்டு ஏறியது. வயிற்றுப்பகுதி கிழிந்த நிலையிலேயே பறந்து, பிறகு மும்பையில் இறங்கியது. அன்று விமானம் தாமதமாக எழுந்ததற்கு, ஓடும்போதே டேக்-ஆஃப் விசை குறைந்துபோனதுதான் காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. வேகங்களைச் சரியாகப் போட்டு வைத்திருந்தாலும், அந்த வேகம் எதிர்பார்த்த இடத்தில் வருகிறதா, விசை குறையாமல் நிற்கிறதா என்று கடைசி நொடி வரை ஒருவர் கண் அதன் மேல் இருக்க வேண்டும். ஓட்டாத விமானியின் வேலை அதுதான். "வீ ஒன்", "ரொட்டேட்" என்று குரல் கொடுப்பவரும் அவர்தான்.